காவ்யா வேலை விஷயமா மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

எப்படிடி இருக்க? உன் வாய்ஸ் மெசேஜ கேட்ட அன்னைக்கே போன் பண்ணியிருக்கணும், ஆனா நீ கேட்டது ரெண்டு வார்த்தைல முடியற விஷயம் இல்ல, அதான் ஷிஃப்ட் இல்லாத நாளா பாத்து உக்காந்து டைப் பண்றேன். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, வாக்கர் இல்லாமயே நடக்கறாங்க, மாடி மட்டும் ஏற விடல. சின்னவன் பிளஸ் டூ, வீட்டுல டிவி சத்தமே இல்ல.

உன் பொண்ணு காவ்யாவுக்கு திருச்சி ஏர்போர்ட்ல கிரவுண்ட் ஹேண்ட்லிங்ல, அதாவது தரைல நிக்கற விமானத்துக்கு வேண்டியத செய்யற எடத்துல வேலை கிடைச்சிருக்குன்னு கேட்டு அவ்வளவு சந்தோஷம். ஆனா பொம்பளப் புள்ள வெயில்லயும் மழைலயும் ராம்ப்ல, அதான் விமானம் நிக்கற தளத்துல, நிக்கணுமா, நைட் ஷிஃப்ட் வேற, அதுக்கு ஷார்ஜால என்கூட பர்மிட் டெஸ்க்ல ஏசி ரூம்ல உக்காரலாமேன்னு கேட்டிருந்த. என் பதில முதல்லயே சொல்லிடறேன், கோச்சுக்காத. அவள ராம்ப்புக்கு அனுப்பு. ஒரு வருஷமாவது நிக்கட்டும், அதுக்கப்புறம் இங்க வரட்டும், நானே பாத்துக்கறேன்.

ஏன்னு புரியணும்னா நான் என்ன வேலை பாக்கறேன்னு கொஞ்சம் விவரமா சொல்லணும். இத்தன வருஷமா பிளைட் டிக்கெட் போடற வேலைன்னே உங்க வீட்டுக்காரர் நெனச்சிட்டு இருக்கார். டிக்கெட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. வானமும் வரப்பு போட்ட வயல் மாதிரிதான், ஒவ்வொரு நாட்டுக்கும் அதோட மண்ணுக்கு மேல இருக்கற வானம் முழுசா சொந்தம்னு 1944ல சிகாகோல போட்ட ஒப்பந்தத்தோட முதல் பிரிவே சொல்லுது. டைம்டேபிள் போட்டு ஓடற பெரிய ஏர்லைனுக்கெல்லாம் நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு, சீசன் சீசனா அனுமதி வாங்கி வெச்சிருப்பாங்க. எங்ககிட்ட வர்றது சார்ட்டர்னு சொல்ற வாடகை விமானம், பிரைவேட் ஜெட், கார்கோ, ஏர் ஆம்புலன்ஸ், அதாவது இன்னைக்கு முடிவு பண்ணி நாளைக்குப் பறக்கறவங்க. அதே ஒப்பந்தத்தோட 5வது பிரிவப் படிச்சா இந்த மாதிரி விமானம் முன்அனுமதி இல்லாமயே மேல பறந்து போகலாம்னுதான் இருக்கும், ஆனா நடைமுறைல பல நாடுகள் அனுமதி நம்பர் இல்லாம உள்ள விடாது. இந்தியாவுக்கு விமானத்துறை ஆபீஸான டிஜிசிஏ குடுக்கற ஒய்ஏ நம்பர், மத்த நாட்டுக்கு அதது ஒரு நம்பர், எல்லாத்தையும் பிளைட் பிளான்ல 18வது கட்டத்துல எழுதணும். அந்த நம்பர வாங்கிக் குடுக்கறதும், எறங்கற எடத்துல எரிபொருள் வண்டி, படிக்கட்டு, கஸ்டம்ஸ், இமிக்ரேஷன் எல்லாம் ரெடியா நிக்க வெக்கறதும்தான் என் வேலை.

ஒரு கேஸ் சொல்றேன், அப்பதான் புரியும். நைரோபில இருந்து சென்னைக்கு ஒரு பேஷன்ட், இதய ஆபரேஷனுக்கு. சின்ன ஜெட், ஒரே மூச்சுல அவ்வளவு தூரம் வராது, அதனால நடுவுல ஓமான்ல சலாலால எறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டு வரணும், ரெண்டு பக்கமும் சுமார் 1,500 நாட்டிக்கல் மைல். சோமாலியாவுக்கு மேல பறந்து போற ஓவர்பிளைட் பர்மிட், ஓமானுக்கும் இந்தியாவுக்கும் லேண்டிங் பர்மிட், எல்லாம் வியாழக்கிழமையே கைல வந்தாச்சு. வெள்ளிக்கிழமை காலைல போன், விமானத்துல கோளாறு, அது கிளம்பாது, வேற விமானம் வருதுன்னு. பர்மிட் எல்லாம் விமானத்தோட ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் மேலதான் குடுப்பாங்க, விமானம் மாறினா பறக்கத் தகுதின்னு குடுக்கற ஏர்வொர்த்தினஸ் சர்டிபிகேட், இன்சூரன்ஸ், எடை, பைலட் பேரு எல்லாம் மாறும். வெள்ளிக்கிழமை சோமாலியாவுல லீவு, ஓமான்ல லீவு. இந்தியாவுல ஆபீஸ் உண்டு, கென்யாவுல உண்டு. எங்க டெஸ்க்ல மேப்ப விட காலண்டரத்தான் அதிகம் பாப்போம்டி, எந்த நாட்டுல எப்ப லீவுன்னு தெரியலன்னா ஒண்ணும் நடக்காது. யுஏஇல 2022ல இருந்து சனி ஞாயிறு லீவா மாத்திட்டாங்க, சவூதில இன்னும் வெள்ளி சனி, இப்படி ஆளுக்கொரு நாள். லீவு நாள்லயும் டூட்டி ஆபீசர் ஒருத்தர் இருப்பார், அவர் நம்பர முன்னாடியே வாங்கி வெச்சு, வேலை இல்லாத நாள்லயும் சலாம் சொல்லிப் பழகி வெச்சிருந்தாத்தான் அன்னைக்கு போன எடுப்பார். எடுத்தார். மதியத்துக்குள்ள புது நம்பர் எல்லாம் வந்துருச்சு.

தேதில ஒரு விஷயம் இருக்கு, காவ்யாகிட்ட இத மட்டும் இப்பவே சொல்லிடு. எல்லாம் யுடிசி நேரம்தான், உலகம் முழுக்க விமானத்துக்குப் பொதுவான நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி. விமானம் சென்னைல எறங்கறது நம்ம கணக்குல சனிக்கிழமை விடியக்காலை 2:30, யுடிசில அது வெள்ளிக்கிழமை ராத்திரி 21:00. பர்மிட் அப்ளிகேஷன்ல வெள்ளின்னு போடணும், ஆஸ்பத்திரி ஆம்புலன்சுக்கு சனின்னு சொல்லணும், இமிக்ரேஷனுக்கு ரெண்டையும் எழுதிக் குடுத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்.

இப்ப ராம்ப் விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கேஸ்ல பேப்பர் எல்லாம் முடிஞ்ச பிறகு எங்க டெஸ்க்ல இருந்த பையன், நல்ல பையன், எம்பிஏ, சலாலால தரை வேலை பாக்கற ஹேண்ட்லருக்கு மெயில் டைப் பண்ணினான், இத்தன லிட்டர் எண்ணெய், ஒரு மணி நேரம் நிக்கும், அவ்வளவுதான். நான் பக்கத்துல நின்னு படிச்சேன். பேஷன்ட் உள்ளயே படுத்திருக்காங்க, எறக்க முடியாது, ஆள் உள்ள இருக்கும்போது எண்ணெய் போடணும்னா பக்கத்துல ஃபயர் வண்டி நிக்கணும்னு அனேகமா எல்லா ஏர்போர்ட்லயும் கேப்பாங்க, அத முன்கூட்டியே சொல்லி வெக்கலன்னா வண்டி வர்ற வரைக்கும் எண்ணெய் போட விடமாட்டாங்க. எஞ்சின் நின்ன பிறகும் உள்ள ஏசி ஓடணும், பேஷன்ட்டோட மெஷின் ஓடணும், அதுக்கு கிரவுண்ட் பவர், அதாவது வெளிய நிக்கற வண்டில இருந்து கரண்ட் வேணும், சின்ன ஜெட்டுக்கு 28 வோல்ட் டிசி கரண்ட், பெரிய விமானத்துக்கு குடுக்கற 115 வோல்ட் ஏசி கரண்ட் வண்டிய கொண்டுவந்து நிறுத்தினா பிரயோஜனமே இல்ல. சென்னைல ஆம்புலன்ஸ் விமானத்துக்குப் பக்கத்துலயே வரணும், அதுக்கு வண்டி நம்பர், டிரைவர் பேரு எல்லாம் முன்னாடியே குடுத்து அனுமதி வாங்கணும், ஸ்ட்ரெச்சர எறக்க எத்தன பேர் வேணும்னு கேக்கணும். அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரியாதது அவன் குத்தம் இல்ல. அவன் ராம்ப்ல நின்னதே இல்ல. எனக்குத் தெரியும், ஏன்னா இங்க வர்றதுக்கு முன்னாடி நான் திருச்சில அதே வெயில்ல நின்னவ, விமானத்த இழுக்க மாட்டற கம்பி, டோ பார், அது பொருந்தலன்னா விமானம் அப்படியே நிக்கும்னு கண்ணால பாத்தவ.

பர்மிட் போடறத யாருக்கும் சீக்கிரம் சொல்லிக் குடுத்துடலாம். எந்த ஆபீஸ், என்ன ஃபார்ம், எவ்வளவு நாள் முன்னாடி, இதெல்லாம் எழுதி வெச்சது. ஆனா என்ன கேக்கணும்னு தோணறது இருக்கு பாரு, அது நின்னு பாத்தவங்களுக்குத்தான் வருது. இத நான் ஆணித்தரமா சொல்லுவேன்.

வேலை நிலைக்குமான்னும் கேட்டிருந்த. ஆள் தேவை கூடிட்டுத்தான் இருக்கு, காரணம்தான் சந்தோஷமான காரணம் இல்ல. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா வானம் ஐரோப்பாக்காரங்களுக்கு இல்ல. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடிச்சு, பதிலுக்கு நாமளும் மூடினோம், மாசாமாசம் நீட்டிச்சுக்கிட்டே போனாங்க. அதே வருஷம் ஜூன் 13ம் தேதி ஈரான், ஈராக், ஜோர்டான் மூடினப்ப கைல இருந்த ரூட் எல்லாம் ஒரே காலைல செல்லாக்காசா போச்சு, 23ம் தேதி சாயங்காலம் கத்தாரும் மூடினதும் டெஸ்க்ல யாரும் சாப்பிடவே இல்ல. ஆப்கானிஸ்தான் மேல போறவங்களுக்கு 700 டாலர் கட்டணம், ஆனா 2021க்குப் பிறகு அங்க மேல பறக்கறவங்களுக்கு வழி சொல்ல கன்ட்ரோலர் கிடையாது, பைலட்டுங்களே ரேடியோல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டுப் போகணும். அந்த வழியா அனுப்பறப்பல்லாம் அந்தப் பக்கம் தாண்டிட்டாங்கன்னு மெசேஜ் வர்ற வரைக்கும் எனக்கு வயித்தப் பிசையும். இப்படி ஒரு வாசல் மூடினா நாலு நாட்டு வாசல்ல புதுசா நம்பர் கேட்டு நிக்கணும், அதுக்கு ஆள் வேணும்.

பயம் வேண்டாம்னு சொல்லமாட்டேன், பொண்ணப் பெத்தவ, உனக்கு இருக்கும். நைட் ஷிஃப்ட்டுக்கு கம்பெனி வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வருமான்னு எழுத்துல கேட்டு வாங்கு. ராம்ப்ல காதுக்கு அடைப்பான் கண்டிப்பா போடணும், இப்ப ஒண்ணும் தெரியாது, வயசானப்புறம் தெரியும். சேரும்போதே ஏர்போர்ட் என்ட்ரி பாஸுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வரும், ஆதார்லயும் மார்க் ஷீட்லயும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பாத்து சரி பண்ணிடுங்க, அதுல நெறய பேருக்கு மாசக்கணக்குல இழுக்குது. ஆபத்தான சரக்க கையாள்ற டேஞ்சரஸ் கூட்ஸ் டிரெய்னிங்குக்கு கம்பெனியே அனுப்பினா விடாம போகச் சொல்லு, அந்த சர்டிபிகேட் இங்கயும் கேப்பாங்க.

ஜனவரில அம்மாவ கூட்டிட்டு ஊருக்கு வர்றேன், உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே உக்காந்து பேசறேன். அதுக்குள்ள சேர்ற தேதி வந்துட்டா காத்திருக்க வேண்டாம், சேர்ந்துடச் சொல்லு. ஆஃபர் லெட்டர போட்டோ எடுத்து அனுப்பு, ஷிஃப்ட் அலவன்ஸ் என்ன போட்டிருக்காங்கன்னு பாத்துச் சொல்றேன்.

அன்புடன்,
சுமதி