சென்சரைக் கழற்றும் முன் சைலன்சர் மூட்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, அப்புறம் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓடிய ஆட்கள் நாங்கள். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் திருகை அரைச் சுற்றுத் திருப்பி, இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே கலவையைச் சரிபண்ணிய மெக்கானிக்மார் வன்னியில் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கைவேலையில் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் இப்போது வரும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெற்றோலை அளந்து விடுவது ஒரு சின்னக் கணினி, அந்தத் திருகுக்கு வேலையில்லை.

போன மாதம் என் மருமகனின் வண்டி கறுப்புப் புகை தள்ளியது, பிளக்கும் கரி பிடித்து வந்தது. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடியது 30க்கு இறங்கிவிட்டது. கராஜில், புகையில் மிஞ்சும் ஒக்சிசனை அளக்கும் ஒக்சிசன் சென்சர் பழுது என்று சொல்லி வயரைக் கழற்றிவிட்டார்கள். புகை கொஞ்சம் குறைந்தது, அதனால் அவர்கள் சொன்னதுதான் சரி என்று நாங்களும் நம்பினோம். ஆனால் மீற்றரில் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, பழைய ஓட்டமும் திரும்பவில்லை.

உண்மையில் சென்சர் பொய் சொல்லவில்லை. இஞ்சினும் சைலன்சர் குழாயும் சேருமிடத்தில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் போயிருந்தது. இஞ்சின் விட்டுவிட்டுத்தான் புகையைத் தள்ளும், அந்த இடைவெளிகளில் ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும். அந்தக் காற்றிலுள்ள ஒக்சிசனைக் கண்டதும் சென்சர் பெற்றோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்கிறது, அதுவும் நம்பி இன்னும் இன்னும் பெற்றோல் விடுகிறது. சில நூறு ரூபா கேஸ்கட் மாற்றி, வயரைத் திரும்பக் கொழுவியதோடு எல்லாம் சரி.

ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றை உள்ளே விடும் திறொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளிழுக்கும் குழாயில் அழுத்தம் என்ன, காற்றும் இஞ்சினும் எவ்வளவு சூடு என்று ஒவ்வொரு சென்சரும் சொல்வதை வைத்துத்தான் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெக்கன் திறக்க வேண்டுமென்று கணினி முடிவெடுக்கிறது. ஒக்சிசன் சென்சர் அதைச் சரிபார்க்கும் ஆள்: பெற்றோல் கூடினால் 0.9 வோல்ற் அளவில் காட்டும், குறைந்தால் 0.1 பக்கம் போகும். அது நன்றாகச் சூடான பிறகுதான் வேலை செய்யும், முழு வேகத்தில் முறுக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் கணினி அதைக் கேட்பதுமில்லை. ஆகவே ஒரேயளவு வேகத்தில் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரை ஓடும் ஓட்டத்தில்தான் அதன் அருமை தெரியும். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்து அந்தச் சென்சரைக் கரி பிடிக்க வைக்காதீர்கள், தயவுசெய்து.

எங்கள் கராஜ்காரரில் பிழையில்லை, அவர்களுக்கு யாரும் இதைக் காட்டிக் கொடுக்கவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்கள், வேலை செய்யும் மெக்கானிக்மாருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று வகுப்பு வைத்து, வண்டிக் கணினியில் பதியும் பழுதுக் குறியீடு வாசிக்கும் கருவியையும் கையில் கொடுத்துப் பழக்கினால் முல்லைத்தீவு, துணுக்காய்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நானே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாங்குளம்.