காலி பாட்டிலை உடைத்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கரில் சம்பா செய்கிறவன் நான். சென்ற சம்பாவில் போலிப் பூச்சிமருந்தால் பட்டதை எழுதுகிறேன்.

கார்த்திகையில் குருத்துப்பூச்சி விழுந்தது. நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தது. வழக்கமாக அடிக்கும் மருந்தே கொஞ்சம் விலை குறைத்துக் கிடைத்தது; பில் கேட்காமல் வாங்கிவிட்டேன். அது என் தவறு. இரண்டு முறை அடித்தும் மருந்து கேட்கவில்லை. மார்கழியில் பாதி வயல் வெண்கதிர். உருவினால் ஒரு மணி இல்லை.

பயிர் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இரண்டாம் முறை மருந்தடித்த அண்ணன் வரப்பிலேயே வாந்தியெடுத்துச் சாய்ந்தார். மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது, "பாட்டில் எங்கே?" லேபிளில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறங்கள் நஞ்சின் கடுமையைச் சொல்லும், பச்சைதான் குறைந்தது. எங்கள் பாட்டிலில் பச்சை. அண்ணனுக்கோ வாயில் எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கியிருந்தது. "லேபிளுக்கும் இவர் உடம்புக்கும் பொருந்தவில்லையே" என்ற டாக்டர், லேபிளை ஒதுக்கிவிட்டு உடம்பைப் பார்த்தே வைத்தியம் செய்தார். மூன்றாம் நாள் அண்ணன் வீடு திரும்பினார். அந்த இரண்டு இரவும் அவர் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பிறகு கம்பெனிக்காரர் வந்து, எங்கள் திண்ணையில் என் பாட்டிலையும் அசல் மருந்துப் பாட்டில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஈரவிரலால் தேய்த்தார். என் பாட்டிலில் பேட்ச் எண், அதாவது எந்தத் தொகுதியில் தயாரித்தது என்று காட்டும் எண், அழிந்துபோனது. பாட்டில் மட்டும் அசல்; உள்ளே இருந்த மருந்து போலி. ஆனால் ஊரில் யாரும் "போலி" என்று பேசவில்லை. "அந்தக் கம்பெனி மருந்து இப்போது கேட்பதில்லை" என்றுதான் டீக்கடை வரை பேச்சு. ஒழுங்காக மருந்து தயாரிப்பவன் பெயர் அப்படித்தான் கெடுகிறது.

அசல் பாட்டில் போலிக்காரன் கைக்கு எப்படிப் போகிறது? நாம் வரப்பில் எறிந்துவிட்டு வருகிறோம்; அல்லது பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். காலிக் கலன்களை மறுபடி பயன்படுத்த முடியாதபடி உடைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. நான் இப்போது பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, லேபிளைக் கிழித்து, அரிவாளால் அடியில் குத்திவிடுகிறேன்.

மருந்து விற்கும் கடைகளே காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த பாட்டிலுக்கு விலை குறைக்கலாம். அந்தச் செலவைக் கம்பெனிகள் ஏற்கட்டும். வேளாண்மைத் துறையினர் ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்பே கடைகளில் மாதிரி எடுத்து, முடிவை நாங்கள் குறுவைக்கு மருந்து வாங்குவதற்குள் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.