மார்கழியில் வைத்த டைமிங்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நம்பர் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேப்பர்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது கம்ப்யூட்டர் மெஷினையும் தூக்கிக்கொண்டு வருகிறேன், இரண்டு மாதம் மாடி அறையிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்றாய். அம்மா அன்றைக்கே ஒட்டடைக் கம்பை எடுத்துவிட்டாள். எனக்கு நீ அனுப்பிய பயாஸ் படம்தான், மெஷின் கிளம்பும்போது வருகிற அந்த செட்டிங் ஸ்கிரீன்தான், கண்ணை உறுத்துகிறது. 3600 வேக ரேம் மெமரி, பெட்டியில் டைமிங் 18-22-22-42 என்று போட்டிருக்கிறான். நீ அதை 16-19-19-39 ஆக்கி, டிஆர்எஃப்சி என்கிற இன்னொரு நம்பர் 630-ல் இருந்ததை 450-க்கு இறக்கி, வோல்டேஜை 1.4-க்கு ஏற்றியிருக்கிறாய். இரண்டு மாதமாக ஒரு மக்கரும் இல்லை என்கிறாய். இருக்காதுதான். அது பெங்களூர்க் குளிரில், மார்கழியில் வைத்த நம்பர் தாயி. இங்கே மதுரையில் சித்திரைக்கு நிற்காது. கிளம்புவதற்கு முன் தளர்த்திவிட்டு வா.

இந்த நான்கு நம்பரும் எனக்கு எப்படிப் புரிந்தது தெரியுமா? சின்ன வயதில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போட்டேன் இல்லையா, அந்தக் கணக்கில்தான். இரண்டாவது நம்பர், அடுக்கிலிருந்து சேலைக் கட்டை இறக்கிப் பிரிக்கிற நேரம். முதல் நம்பர், பிரித்த கட்டிலிருந்து கேட்ட சேலையை உருவிக் கையில் கொடுக்கிற நேரம். மூன்றாவது, கட்டை மடித்து மேலே ஏற்றுகிற நேரம்; அது முடியாமல் அந்த அடுக்கில் அடுத்த கட்டைத் தொட முடியாது. நாலாவது, பிரித்த கட்டு மடிப்பதற்கு முன் குறைந்தது எவ்வளவு நேரம் விரித்துக் கிடக்க வேண்டும் என்பது. முதலாளி கல்லாவில் இருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினால் வேகம் வரத்தான் செய்யும். ஒரு நாள் மாம்பழக் கலருக்குப் பதில் வேறு ஏதோ கலர் பைக்குள் போய்விடும். வாங்கினவருக்கு வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

ஆனால் நீ கை வைத்ததில் என்னைப் பயமுறுத்துவது அந்த நாலும் இல்லை, 450-தான். ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டுக்கு 1968-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் அதே சங்கதிதான். கெப்பாசிட்டரில் நிற்கிற சார்ஜ், மண்பானைத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்குள் எல்லா வரிசையையும் ஒரு முறை நிரப்பியாக வேண்டும். 7.8 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவை மற்ற வேலையை நிறுத்திவிட்டு நிரப்புகிறது. அந்த நிறுத்தம் ரேமின் கடிகாரத்துக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் டிஆர்எஃப்சி. 3600-ல் 630 என்றால் 350 நானோ செகண்ட். நீ வைத்த 450-க்கு 250-தான் வருகிறது, அதற்குள் சரியாக நிரம்பாமல் போகலாம். வெயில் ஏற ஏறக் கசிவு கூடும். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்பச் சொல்லி விதியிலேயே இருக்கிறது. நம் மாடிக்கு மேலே வெறும் தகரம்.

இதை நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் நானே பட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாய்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண வீடியோ எடுக்கிற என் கேமராவுக்கு ஓய்வு, கை சும்மா இருக்கவில்லை. நீ விட்டுப்போன மெஷினில் 3200 ரேமை 16-18-18-38-லிருந்து இறக்கினேன். முதலில் 15 போட்டேன், உள்ளே போய்ப் பார்த்தால் 16 என்றே காட்டுகிறது. கியர் டவுன் என்று ஒரு செட்டிங் ஆன் ஆகி இருந்தால் ஒற்றைப்படையை இரட்டைப்படையாக்கிவிடுமாம். சரி என்று 14. ஸ்கிரீன் வரவில்லை. நீ சொல்லிக்கொடுத்தபடி பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டி செட்டிங்கை அழித்து, மறுபடி 14 போட்டு வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினேன், ஏறிக்கொண்டது. டிஆர்எஃப்சியையும் 560-லிருந்து 400-க்கு இறக்கினேன். ராத்திரி மெம்டெஸ்ட் என்கிற ரேம் சோதனை ஒரு சுற்று, ஒரு எரர் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, வந்து சாப்பிடுங்க" என்றாள்.

வைகாசியில் திருமங்கலத்துக் கல்யாணம் ஒன்று. மத்தியானம் வந்து கேமரா கார்டிலிருந்து மெஷினுக்குக் காப்பி போட்டேன், எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து கார்டை ஃபார்மட் அடித்துவிட்டேன், மறுநாளும் முகூர்த்தம். எடிட்டிங்கில் உட்கார்ந்தால், மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிற இடத்தில் பூமாலை மேலே பச்சைப் பச்சையாகச் சின்னக் கட்டங்கள். இரண்டு செகண்ட். திரும்ப ஓட்டினேன், அதே இடம், அதே கட்டம். ரெண்டரில், அதாவது எடிட் முடித்து வீடியோவாக்கும்போது வந்த கோளாறு என்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இது காப்பி ஆன ஃபைலிலேயே ஏறிவிட்டது. மெஷின் நின்றிருந்தாலாவது தெரிந்திருக்கும். நம் வீட்டு ரேமுக்குத் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்கிற வசதி இல்லை, பேசாமல் எழுதிவிட்டது.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு மெம்டெஸ்ட் போட்டேன். இரண்டாவது சுற்றில் 11 எரர். அதே நம்பரோடு ராத்திரி போட்டால் சுத்தம். அப்போதுதான் மண்டையில் ஏறியது. இரண்டாவது கேமராவில் தம்பி பக்கவாட்டில் எடுத்திருந்தான், அதை வைத்து ஒப்பேற்றினேன். பெண்ணின் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிப் பணத்தில் குறைத்துக்கொண்டேன். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

நீ அடைந்த லாபத்தையும் போட்டுப் பார்த்தேன். முதல் நம்பர் 18-ஐ 2000-ஆல் பெருக்கி 3600-ஆல் வகுத்தால் 10 நானோ செகண்ட். 16 என்றால் 8.9. கேமில் அங்கங்கே திக்குவது குறையும் என்பாய், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொல்லவில்லை. 16-ஐ வேண்டுமானால் வைத்துக்கொள். டிஆர்எஃப்சியை 630-க்கே ஏற்றிவிடு. இங்கே வந்ததும் மத்தியானத்தில், கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலை கொடுத்துச் சூடேற்றிக்கொண்டே ரேமைச் சோதி. அந்தக் கார்டின் அனல் நேராக ரேம் மேல்தான் அடிக்கிறது. அதற்குப் பிறகு ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடட்டும். இரண்டும் சுத்தமாக வரும்வரை ஆபீஸ் ஃபைல் எதையும் அதில் திறக்காதே.

கேபினெட்டைப் பஸ்ஸில் நிற்க வைத்துக் கொண்டுவராதே. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்று, கேபினெட்டைப் படுக்கப்போடு. அழகரை வரவேற்கிற எதிர்சேவைக்கு முந்தின நாளே வந்துவிடு. எதிர்சேவை அன்றைக்குத் தல்லாகுளம் பக்கம் ஆட்டோ நகராது, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்தான் தலையில் சுமக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அப்பா

மாடிக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவிட்டேன். உனக்கில்லை, மெஷினுக்கு.