அந்தக் கவிதையைச் சிறுவர் அலமாரிக்கே திருப்பி அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய மயாமி-டேட் பள்ளி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2023-இல் மயாமி லேக்ஸ் ஊர்ப் பள்ளி ஒன்றின் நூலகத்தில், கறுப்பினக் கவிஞர் அமாண்டா கோர்மனின் ‘தி ஹில் வி கிளைம்ப்’ கவிதைப் புத்தகம் சிறுவர் அலமாரியிலிருந்து நடுநிலைப் பள்ளி அலமாரிக்குப் போன கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தடை செய்யவில்லை, இடம்தான் மாறியது என்கிறீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். கண்ணில் படாத புத்தகத்தை எட்டு வயதுப் பிள்ளை எங்கே போய்க் கேட்கும்? அதைப் பழைய இடத்திலேயே வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

புகார் கொடுத்தது ஒரே ஒரு பெற்றோர். அந்தப் படிவத்தைப் படித்தேன். நூலாசிரியர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரி என்று இருக்கிறது. அவர் எழுதியது முன்னுரை மட்டும்தான். அட்டையைக்கூட ஒழுங்காகப் பார்க்காத புகாருக்கு ஒரு குழு உட்கார்ந்து முடிவும் எடுத்துவிட்டது.

1773-இல் பிலிஸ் வீட்லியின் கவிதைகள் லண்டனில் அச்சேறின. சிறு பிள்ளையாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு பாஸ்டனில் விற்கப்பட்டவர் அவர். ஓர் அடிமைப் பெண்ணா இதை எழுதினாள் என்று யாரும் நம்பவில்லை. அதனால் ஆளுநர் உட்பட பாஸ்டன் பெரிய மனிதர்கள் 18 பேர் “இவள்தான் எழுதினாள்” என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அன்று எழுதியது யார் என்று அத்தனை விசாரணை. இன்று எழுதியது யார் என்றே தெரியாமல் புத்தகத்தை நகர்த்த முடிகிறது. நல்ல முன்னேற்றம்!

கோர்மன் சின்ன வயதில் ‘ர’ ஒலி நாக்கில் வராமல் சிரமப்பட்டவர். அவர்தான் 22 வயதில், 2021 ஜனவரி 20 அன்று, அதிபர் பதவியேற்பு மேடையில் நின்று நாடே கேட்க இந்தக் கவிதையைச் சொன்னார். பேச்சுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் உங்கள் தொடக்க வகுப்புகளில் இல்லையா? யாருக்கு முதலில் எட்ட வேண்டுமோ, அவர்களிடமிருந்துதான் எடுத்திருக்கிறீர்கள்.

இத்தனைக்கும் இது புளோரிடா. 1900-இல் இதே மாநிலத்தின் ஜாக்சன்வில்லில், லிங்கன் பிறந்தநாளுக்காக கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் ‘லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்’ என்ற கவிதையை எழுத, தம்பி மெட்டமைக்க, 500 கறுப்பினப் பிள்ளைகள் பாடினார்கள். அண்ணன் தம்பி இருவரும் நியூயார்க் போய் அதை மறந்தே போனார்கள். பிள்ளைகள் விடவில்லை. வேறு பள்ளிகளுக்குப் போனவர்கள் அங்கே பாடினார்கள், ஆசிரியரானவர்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகளில் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவி, கறுப்பின மக்களின் தேசிய கீதம் என்றே பெயர் வாங்கிவிட்டது. எந்த வகுப்பில் பாடலாம் என்று முடிவு செய்ய அன்று குழு இல்லாதது அந்தப் பாட்டின் அதிர்ஷ்டம். இப்போதைய போக்கைப் பார்த்தால் தாலாட்டுக்கும் படிவம் வந்துவிடும் போலிருக்கிறது.

சரி, கேட்க வந்தது ஒன்றுதான். கோர்மனின் புத்தகத்தைச் சிறுவர் அலமாரிக்கே திருப்பி அனுப்புங்கள். அப்புறம், அடுத்த புகார் வரும்போது ஆசிரியர் பெயராவது சரியா என்று பார்த்துவிட்டுக் குழுவைக் கூட்டுங்கள். ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புளோரிடாவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தமிழ்த் தாய்