வளர்ந்தவர்களையும் நினைப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் என்றாலே குழந்தைகளைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். பள்ளியும் பயிற்சியும் முடிந்தபின், வளர்ந்தவர்களின் நாட்கள் நான்கு சுவர்களுக்குள் சுருங்கிவிடுவதைப் பலரும் கவனிப்பதில்லை. 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் ஆட்டிசம் குறித்து வெளியிட்ட ஆய்வில் முதல் நபராக இடம்பெற்ற டொனால்ட் டிரிப்லெட், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் தம் சொந்தச் சிற்றூரிலேயே வாழ்ந்து, அங்குள்ள வங்கியில் பல்லாண்டுகள் வேலைபார்த்து, 2023-இல் 89 வயதில் மறைந்தார். குடும்பத்தின் வசதி அவருக்குத் துணைநின்றது உண்மைதான்; ஆனாலும், அவரை அவராகவே ஏற்றுக்கொண்ட ஊராரின் பங்கையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு 26 வயது. அவன் செல்லும் நூலகத்தில், மின்னி மின்னி இரைந்த குழல்விளக்கு அவனை வதைப்பதை உணர்ந்த நூலகர், ஒருநாள் அதை அணைத்துவிட்டு, சன்னலோர நாற்காலியை அவனுக்கென ஒதுக்கினார். அதன்பின் அவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறுவதில்லை. திரும்பிவரும் புத்தகங்களை எண்வரிசைப்படி அடுக்கித் தருகிறான்.

சமூகத்தில் பிறரோடு கலந்து வாழும் உரிமையை, 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே, வேலையிடத்தில் உடனிருந்து பழக்கும் துணையாளர், பெற்றோர் காலத்துக்குப் பிறகும் ஊருக்குள்ளேயே வாழ வழிசெய்யும் வீடு ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்புகள் திட்டமிட வேண்டும். அத்திட்டங்களைத் தீட்டும் மேசையில் ஆட்டிசம் உள்ளவர்களும் அமர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்