தரிசு என்று எழுதியவருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரேசிலின் சோயா விவசாயம் பற்றிய உங்கள் கட்டுரையில், அந்நாட்டின் நடுவே புல்லும் மரமும் கலந்து பரந்து கிடக்கும் செராடோ சவானாவை 'வெறும் தரிசாகக் கிடந்த நிலம்' என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. ஆனாலும் படித்தேன், கோபத்தோடு.

ஏறக்குறைய 12,000 தாவர இனங்கள் உள்ள தரிசு, ஐயா! மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறெங்கும் முளைக்காதவை. மரங்கள் குட்டை, வேர்கள் ஆழம் என்பதால் அதைத் தலைகீழ்க் காடு என்பார்கள். தீ, வறட்சி, அலுமினியம் மிகுந்த மண் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அந்தச் செடிகளுக்குள் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்பதைத் தேடத்தான் இரண்டு ஆண்டுகள் கோயாஸ் மாநிலத்தில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன்.

காலா அசார் போன்ற நோய்களைத் தரும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியைக் கொல்லும் சாறுகள் நிறையக் கிடைத்தன. அதே சாறு மனித செல்லையும் கொன்றுவிடும். பூஞ்சைக்கு மருந்து தேடுவதும் லேசான வேலை இல்லை. பூஞ்சையின் செல், பாக்டீரியாவைவிட நம் செல்லுக்கு நெருங்கியது; அதைக் கொல்லும் மருந்து நம் செல்லையும் எளிதில் தாக்கிவிடும். ஒரே ஒரு புதரின் வேர்ப்பட்டை மட்டும் ஒட்டுண்ணியைக் கொன்று, நம் செல்லை விட்டுவைத்தது. மறு ஆண்டு அதே செடிக்காகப் போனோம். வரிசை பிடித்து சோயா நின்றது. உங்கள் கணக்கில் தரிசு திருந்திவிட்டது போலும்.

சரி, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? லீஷ்மேனியாவுக்கு உறவான இன்னோர் ஒட்டுண்ணியால் வரும் சாகஸ் நோயை பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் விவரித்தது 1909இல். இன்றும் அதற்கு இரண்டே மருந்துகள், இரண்டும் அரை நூற்றாண்டுப் பழசு. புது மருந்து தேட இந்தச் செடிகள் வேண்டாமா? அமேசானுக்கோ வருஷந்தோறும் அட்டைப்படம் போடுகிறீர்கள். அப்புறம், பிரேசில் சட்டமும் உங்களைப் போலத்தான்: அமேசான் காட்டில் நிலம் வைத்திருப்பவர் 80 விழுக்காட்டை அழிக்காமல் விட வேண்டும், செராடோவின் பெரும்பகுதியில் 20 போதும். போன வருஷம் இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு உங்கள் பக்கங்களில் இடமில்லாமல் போனது. அன்று ராசிபலன் அரைப் பக்கம் வந்திருந்தது.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். 'தரிசு' என்பதை எடுத்துவிட்டு 'சவானா' என்று மட்டும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்