உடன்பாடு காணும் பயிற்சி தமிழிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடிவெடுத்தல், பேச்சுவார்த்தை நடத்துதல், பிணக்குகளைத் தீர்த்தல் ஆகியவை வேலைவாய்ப்பு விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் தகுதிகளாகிவிட்டன. பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பணிபுரியும் நம் இளைஞர்கள் பலருக்கு அவர்களுடைய நிறுவனங்களே இவற்றை ஆங்கிலத்தில் கற்றுத்தருகின்றன. ஆனால் வாடகை வீட்டைக் காலி செய்து அட்வான்ஸைத் திரும்பப் பெற வேண்டிய தையற்காரருக்கும், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழுவில் தண்ணீர்க் கணக்குக் கேட்க வேண்டிய ஓய்வூதியருக்கும், சிவாஜிநகரில் சிறு கடை நடத்துபவருக்கும் இத்திறன்கள் அதே அளவுக்குத் தேவைப்படுகின்றன. அவர்களுக்குத் தமிழில் சொல்லித்தர இந்நகரில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியதையும், டேங்கர் தண்ணீரின் விலையை மாவட்ட நிர்வாகமே நிர்ணயிக்க நேர்ந்ததையும், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டேங்கர் செலவை எப்படிப் பிரிப்பது என்பதில் குடியிருப்புகளுக்குள் மூளும் சண்டை இன்றும் ஓயவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கச் சொல்கிறது ஒரு தரப்பு; மீட்டர் பொருத்திப் பயன்பாட்டுக்கு ஏற்ப வசூலிக்கச் சொல்கிறது மறு தரப்பு. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வாக்கெடுப்பு நடத்தினால், தோற்ற தரப்பு அடுத்த மாதமே பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவைக்கும். ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தால் வேறொரு சித்திரம் தெரியவரும். மாதத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டின் உரிமையாளர், பிறர் செலவழிக்கும் தண்ணீருக்குத் தாம் பணம் கட்டுவதையே எதிர்க்கிறார்; முதியவர்களும் கைக்குழந்தையும் உள்ள குடும்பமோ, கோடையில் பில் எங்கே போய் நிற்குமோ என்று அஞ்சுகிறது. மோட்டார், தொட்டி துப்புரவு போன்ற நிலையான செலவுகளை எல்லா வீடுகளும் சமமாக ஏற்பது, ஆளுக்கு இத்தனை லிட்டர் வரை குறைந்த விலை, அதற்கு மேல் மீட்டர்ப்படி கூடுதல் விலை என்ற ஏற்பாடு இருவருடைய கவலைக்கும் ஒருசேர விடையளிக்கும். கோரிக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வழி புலப்படாது.

நாடுகளுக்கிடையிலும் இதே முறைதான் பலன் தந்திருக்கிறது. 1967 போரில் எகிப்திடமிருந்து இஸ்ரேல் கைப்பற்றிய சினாய் தீபகற்பத்தைப் பற்றி 1978 செப்டம்பரில், அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் 13 நாட்கள் பேச்சு நடந்தது. எகிப்துக்கு வேண்டியது தன் மண்ணின் மீதான முழு உரிமை. இஸ்ரேலுக்கு வேண்டியது தன் எல்லையருகே எகிப்தியப் படைகள் குவியாதிருப்பது. நிலத்தை எங்கே வெட்டிப் பிரித்தாலும் இரு தரப்புக்கும் நிறைவு கிட்டியிருக்காது. சினாய் முழுவதையும் எகிப்திடம் ஒப்படைத்து, அங்கே படைகளை நிறுத்தக் கடும் வரம்பு விதிப்பது என்ற ஏற்பாடு 1979 மார்ச்சில் உடன்படிக்கையானது. அப்போது அமெரிக்கத் தரப்பு கையாண்ட உத்தியைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர்களுக்குச் சிறப்பாகப் பரிந்துரைப்பேன். ஒரே வரைவைத் தயாரித்து, அதை இரு தரப்பிடமும் காட்டிக் குறை கேட்டு, இருபது முறைக்கு மேல் திருத்தினார்கள். உங்கள் திட்டம் என்ன என்று கேட்டால் ஒவ்வொருவரும் தம் திட்டத்தைக் காக்கத் தொடங்கிவிடுவர். இந்த வரைவில் எது உங்களுக்கு ஒத்துவராது என்று கேட்டால் குறை சொல்வார்கள். குறை சொல்வதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

பேச்சு முறிந்தால் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது அடுத்த பாடம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது பெங்களூரின் நெடுநாள் வழக்கம். குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் கூறினாலும், மாநிலம் தன் சட்டத்தில் அதை ஏற்றால்தான் பயன் உண்டு. காலி செய்யும் நாளில் பெயின்ட் செலவு என்று பெருந்தொகையைப் பிடித்துக்கொள்ளும் உரிமையாளரிடம் கண்ணீரும் கோபமும் எடுபடுவதில்லை. குடிபுகுந்தபோது எடுத்த படங்கள், ஒப்பந்தத்தில் பெயின்ட் பற்றிய வரி, வேறு இருவரிடம் எழுத்தில் வாங்கிய பெயின்ட் கூலி மதிப்பீடு ஆகியவை கையில் இருந்தால் பேச்சின் தன்மையே மாறிவிடும். நீதிமன்றம் போனால் நமக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும், வழக்கு நிலுவையில் இருக்கையில் உரிமையாளருக்கு என்ன சங்கடம் என்று இருபுறமும் கணக்கிட்டவருக்கே எந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளலாம் என்பது விளங்கும். இது நாவன்மையால் வருவதன்று. பேசப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

குழுவாக முடிவெடுப்பதிலும் நமக்கு ஒரு குறை உண்டு. தலைவர் முதலில் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். 1961இல் கியூபாவின் பன்றி விரிகுடாவில் அமெரிக்கா ஏவிய படையெடுப்பு தோற்று அவமானப்பட்ட அமெரிக்க அதிபர் கென்னடி, மறு ஆண்டு அங்கே சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் எழுந்த நெருக்கடியின்போது, ஆலோசகர்கள் தயங்காமல் வாதிடட்டும் என்று சில கூட்டங்களுக்குத் தாமே வராமல் இருந்தார். நம் சங்கங்களில் தலைவர் கடைசியாகப் பேசுவது என்ற ஒரே விதி வந்தாலே பாதி நோய் தீரும்.

பெங்களூர்த் தமிழர்களுக்குப் பிணக்கு என்றதும் நினைவுக்கு வருவது காவிரிதான். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் மூண்ட காவிரிக் கலவரங்களை இங்கு வாழ்ந்தவர்கள் மறக்க இயலாது. ஆயினும் 2003ஆம் ஆண்டில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முன்முயற்சியில், இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் நேரில் சந்தித்துப் பேசத் தொடங்கினார்கள் என்பதைப் பலர் அறியார். அது வழக்கை முடித்துவிடவில்லை, கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்ற அளவை 2018இல் உச்ச நீதிமன்றமே தீர்மானித்தது. எனினும் தீர்ப்பு தண்ணீரின் அளவைத்தான் சொல்லும். மழை பொய்த்த ஆண்டில் எதிர்த்தரப்பு விவசாயியின் வயலில் என்ன நிலைமை என்பதை அத்தகைய சந்திப்புகளில்தான் அறிய முடியும்.

சட்டமும் இத்திசையில் நகர்ந்திருக்கிறது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005இல் சென்னையிலும் 2007இல் பெங்களூரிலும் தொடங்கப்பட்டது. அத்தகைய மையங்களில் சமரசராக, அதாவது இரு தரப்பும் தாமே உடன்பாடு காண உதவும் நடுவராக, பணியாற்ற 40 மணி நேரப் பயிற்சி தேவை. 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம், வட்டார அமைதியைப் பாதிக்கக்கூடிய தகராறுகளை மூவர் குழு தீர்த்துவைக்க வகை செய்கிறது. அக்குழுவில் குடியிருப்போர் சங்கப் பிரதிநிதிகளும் இடம்பெறலாம். அவ்வாறு எட்டப்படும் உடன்பாட்டை நீதிமன்ற ஆணையைப் போல நிறைவேற்றச் செய்ய முடியாது என்பது கவனிக்கத்தக்கது. இரு தரப்பும் மனமொப்பினால்தான் அது நிற்கும். ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு, தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்கும் நடுவர் புதியவர். அந்த இடத்தில் பயிற்சியின்றி அமர்பவர், சிறு தகராறையும் பெரிதாக்கிவிடக்கூடும்.

ஆகவே அல்சூர் ஏரிக்கரையிலுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள், பயிற்சி பெற்ற சமரசர்களை அழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கெனத் தமிழ் வகுப்பு நடத்த முன்வர வேண்டும். மேடைச் சொற்பொழிவு உதவாது. வாடகைதாரராக நடிப்பவர் அடுத்த சுற்றில் வீட்டு உரிமையாளராக நடித்து, இருவர் வாதத்தையும் தம் வாயால் சொல்லிப் பழக வேண்டும். கன்னடம் கற்பிப்பதையும் இதோடு சேர்ப்பது நல்லது. அக்கம்பக்கத்தாரின் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவரோடு சண்டைக்கு வருவோர் குறைவு. தங்கள் நாளிதழும் வாசகர்கள் அனுப்பும் தகராறு ஒன்றைப் பெயர் நீக்கி வாரந்தோறும் வெளியிட்டு, சமரசர் ஒருவர் அதை எவ்வாறு அணுகுவார் என்று எழுதச் செய்யலாம். அட்வான்ஸ் தகராறிலிருந்து தொடங்கினால் கடிதங்களுக்குப் பஞ்சம் இராது.

இங்ஙனம்,
குடியிருப்போர் சங்க உறுப்பினர் ஒருவர்,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு.